பெரிய வீட்டுக் குழு: கார்த்தி வண்டி விவகாரம்

வசந்தா: சம்பந்தி வீட்டிலிருந்து காலையில் போன். "மாப்பிள்ளை ரேஸ் வண்டி வாங்குகிறாராமே?" என்று கேட்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நான் என்ன பதில் சொல்ல?

லலிதா: ரேஸா? யார் கிளப்பிவிட்டது?

மீனா: இவனேதான். ஸ்டேட்டஸில் பச்சை வண்டி போட்டிருந்தான்.

லலிதா: எனக்கு வரவில்லையே. என்னை மறைத்து வைத்திருக்கிறானா?

கார்த்தி: ஐயோ இல்லை பெரியம்மா. வண்டி வாங்கவே இல்லை, பார்த்துவிட்டு வந்தேன். கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர், செகண்ட் ஹேண்ட்.

ராமநாதன்: செகண்ட் ஹேண்ட் என்றால் யாரோ கீழே போட்டது.

வசந்தா: சேகர், நீ சொல்லு. அது ரேஸ் வண்டியா இல்லையா?

சேகர்: நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டுகிற வண்டிதான் அக்கா. ஆனால் அதை ரேஸ் வண்டி மாதிரி செய்ய வைத்தது ரேஸ் விதி. சூப்பர்பைக் உலகப் போட்டி 1988ல் தொடங்கியது. கடையில் விற்கிற வண்டிதான் அதில் ஓடலாம். இத்தனை வண்டி தயாரித்தோம் என்று கணக்குக் காட்டி ஹோமோலோகேஷன், அதாவது போட்டிக்கான அனுமதி, வாங்க வேண்டும். அதனால் ஜெயிக்க நினைக்கிற கம்பெனி, ரேஸுக்குத் தேவையானதைக் கடை வண்டியிலேயே வைத்து விற்கும்.

வசந்தா: ஆமாவா இல்லையா என்று மட்டும் சொல்லேன்.

சேகர்: இல்லை. ஆனால் கார்த்திக்கு மிச்சமும் தெரிய வேண்டும். அப்போது நாலு சிலிண்டருக்கு 750 சிசி வரை, ரெட்டை சிலிண்டருக்கு 1000 வரை அனுமதி. ஹோண்டா ஆர்சி30 என்ற வண்டியைச் செய்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு டைட்டானியம். பின்சக்கரத்தைச் சட்டென்று கழற்ற ஒரே பக்கம் தாங்கிப் பிடிக்கிற ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம். முதல் கியரிலேயே நூறைத் தாண்டும். டிராக்கில் அருமை, டிராஃபிக்கில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர வேண்டும். முதல் இரண்டு வருடப் பட்டமும் அதில்தான் ஃபிரெட் மெர்க்கல் வாங்கினார்.

மீனா: நடுவில் ஒன்று. சமையல்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். பால் பாயசமா, பருப்புப் பாயசமா?

லலிதா: பருப்பு

ராமநாதன்: பால்

லலிதா: போன விசேஷத்தில் பால் பாயசம் திரிந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

ராமநாதன்: சோழவரம் ரேஸுக்கு சேகர் என் யெஸ்டி பைக்கைக் கேட்காமல் எடுத்துப்போனதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. லாரியில் திரும்பி வந்தது.

சேகர்: அத்தான், கிராங்க் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

ராமநாதன்: எப்போது?

வசந்தா: இப்போது அது வேண்டாம்.

கார்த்தி: மாமா, அப்புறம்?

சேகர்: ரெட்டை சிலிண்டருக்கு 250 சிசி கூடுதல் கிடைத்ததால் டுகாட்டி அதையே பிடித்துக்கொண்டது. 1994ல் அதன் 916 வண்டி வந்தது. கார்ல் ஃபோகார்ட்டி அந்த வரிசை வண்டிகளில் 4 பட்டம் ஜெயித்தார். நாலு சிலிண்டரில் பேர் வாங்கிய ஹோண்டாவே கடைசியில் ரெட்டை சிலிண்டர் விடிஆர் செய்து, 2000ல் காலின் எட்வர்ட்ஸை வைத்துப் பட்டம் எடுத்தது. 2003ல் நாலு சிலிண்டருக்கும் 1000 என்று மாற்றினார்கள். 750 ஸ்போர்ட்ஸ் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடையை விட்டே போயின. சுஸுகி மட்டும் விடாமல் வைத்திருந்தது.

லலிதா: 👍 (பருப்புப் பாயசத்துக்கு)

சேகர்: சிசிக்கு வரம்பு போட்டுவிட்டால் பவரைக் கூட்ட இன்ஜின் சுற்றைத்தான் ஏற்ற வேண்டும். அதற்குப் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் குறைய வேண்டும். 2020ல் ஹோண்டா தன் 1000 சிசி வண்டியில் போரை, அதாவது சிலிண்டர் விட்டத்தை, 76 மில்லிமீட்டரிலிருந்து 81 ஆக்கியது; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 48.5. பவர் 217 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 14,500 சுற்றில். தில்லை நகரில் அந்தச் சுற்றை எங்கே பார்ப்பது? முன்னால் இருக்கிற இறக்கையும் இதே கதைதான். கடை வண்டியில் இருந்தால்தான் ரேஸில் வைக்கலாம். விலைக்கும் 40,000 யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். டுகாட்டி பனிகாலே வி4 ஆர் 39,900க்கு வந்தது.

ராமநாதன்: அது நம்ம காசில் எவ்வளவு?

மீனா: அப்பா, கேட்காதீர்கள்.

கார்த்தி: நான் அதைப் பார்க்கவே இல்லைப்பா!

சேகர்: கார்த்தி, இதைக் கவனமாகப் படி. அந்த ஆர் 998 சிசி. ஆனால் ரோட்டுக்கென்று விற்ற சாதாரண பனிகாலே வி4 1103 சிசி. ரேஸ் வரம்பை மறந்துவிட்டு ரோட்டை மட்டும் நினைத்தால் கொஞ்சம் பெரிய இன்ஜின், கீழ்ச் சுற்றிலேயே இழுவை. இதைக் கம்பெனியே செய்து காட்டியிருக்கிறது. உன் கவாசாகியும் 2003லேயே செய்தது. 600 வகுப்பு ரேஸுக்கு 599 சிசியில் டபுள் ஆர் என்ற வண்டி, ரோட்டுக்கு 636 சிசி வண்டி. அந்த 37 சிசி உன்னைப் போல ஆபீஸ் போய் வருகிறவனுக்காகச் சேர்த்தது. நீ பார்த்த 10ஆரை விடு, 636ஐப் பார்.

கார்த்தி: அதிலும் குனிந்துதானே உட்கார வேண்டும் மாமா.

சேகர்: குனியத்தான் வேண்டும். ஆனால் மூன்றாம் கியரில் நிம்மதியாக ஊருக்குள் வரலாம்.

லலிதா: இவ்வளவு பேசுகிறோம். பெண் என்ன சொல்கிறாள்?

கார்த்தி: அவளுக்குத் தெரியும். அவளும் வந்திருந்தாள்.

வசந்தா: என்னது?

மீனா: 😳

ராமநாதன்: அப்படியானால் அவர்கள் வீட்டில் சொன்னது யார்?

கார்த்தி: அவள் தம்பியாக இருக்கும்.

வசந்தா: சரி, மதியம் போன் பண்ணி "இன்னும் வாங்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் கேட்டால் சேகர் பேசட்டும்.

லலிதா: சேகர் வேண்டாம்.

கார்த்தி: மாமா, ஓசூரில் ஒரு 636 இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?

சேகர்: வருகிறேன். இன்ஜின் வால்வ் இடைவெளியை (வால்வ் கிளியரன்ஸ்) எப்போது பார்த்தார்கள், அதற்குச் சர்வீஸ் பில் இருக்கிறதா என்று முதலில் கேள்.

ராமநாதன்: நான் இன்னும் சரி சொல்லவில்லை.