கரும்புத் தண்டில் சாம்பல் நிறச் செதில்: விதைக்கு வெட்டலாமா?

கேள்வி:
ஏழு மாதக் கரும்பு, இரண்டாம் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்த பயிர்). நேற்று சோகையை (தண்டைச் சுற்றிய காய்ந்த இலையை) உரித்தால் கணுவிடை முழுக்க வட்ட வட்டமாகச் சாம்பல் நிறச் செதில் அப்பிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் அடியில் மஞ்சளாக ஒரு பொட்டு. நுனி இலையும் வெளுத்துக் காய்கிறது. மாவுப்பூச்சியா? இதிலிருந்துதான் கரணை (நடவுக்கான தண்டுத் துண்டு) எடுக்க இருந்தேன்.

பதில் 1:
மாவுப்பூச்சி இல்லைங்க. அது இளஞ்சிவப்பாக, வெள்ளை மாவோடு கணுவை ஒட்டி இருக்கும். இது செதில் பூச்சி. அந்த மஞ்சள் பொட்டுதான் பெண் பூச்சி. காலும் கிடையாது, இறக்கையும் கிடையாது. ஒட்டிய இடத்திலேயே சாறு உறிஞ்சும். குஞ்சுகள்தான் ஊர்ந்தும் காற்றிலும் பரவும். ஆனால் புது வயலுக்குப் போவது பெரும்பாலும் விதைக்கரணையோடுதான். தயவுசெய்து இதில் கரணை எடுக்காதீங்க. லேசாகத்தானே இருக்கிறது என்று நட்டு, ஒரு வயலையே நான் கெடுத்துக்கொண்டேன். இன்னும் ஆறவில்லை.

பதில் 2:
மேலே மருந்தடித்தால் சோகைக்குள் போய்ச் சேராது. ஐந்தாம், ஏழாம் மாதங்களில் சோகை உரிங்க. மிளகளவில் பளபளப்பான கறுப்பு வண்டு இருக்கிறதா பாருங்க. செதிலைத் தின்னும் பொறிவண்டு அது.

கேட்டவர்:
காலையில் மூன்று வண்டு பார்த்தேன்! மருந்தை நிறுத்திவிட்டேன். அறுவடையானதும் மறுதாம்பு விடாமல் கட்டையைத் தோண்டிவிடுகிறேன்.