கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டுச் சாற்றை நம்பலாமா?

கேள்வி: தேவகோட்டை மகள்

எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 67. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஸ்டென்ட் (இதய இரத்தக் குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பிரினும், இரவில் கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமும் சாப்பிட்டு வந்தார். சென்ற முறை முன்னோர் படைப்புக்கு வீடு நிறைய உறவினர்கள் கூடியிருந்தபோது, இந்தக் கொழுப்பு மாத்திரை ஈரலைக் கெடுக்கும், சதையை உருக்கும், மறதியைக் கொண்டுவரும் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறுகளோடு ஆப்பிள் சீடர் வினிகரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறிய பின் தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் இதய அடைப்பே கரைந்துவிடும் என்று அம்மான் ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பச்சிக்கு ஏற்கெனவே மாடிப்படி ஏறும்போது இரண்டு தொடைகளிலும் வலி இருந்தது. அதற்கு மாத்திரைதான் காரணம் என்று அவரே முடிவு செய்து, எங்களிடம் சொல்லாமல் மூன்று மாதங்களுக்கு முன் நிறுத்திவிட்டார். முதல் இரண்டு வாரங்கள் வலி குறைந்ததாகச் சொன்னார். பிறகு மாத்திரை இல்லாமலேயே திரும்ப வந்துவிட்டது. சென்ற வாரம் இரத்தப் பரிசோதனை செய்தோம். 66 ஆக இருந்த எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) இப்போது 134. சாறு ஒருநாள் கூடத் தவறவில்லை.

ஆத்தா (அம்மா) மிகவும் கலங்கியிருக்கிறார். அப்பச்சியோ, "எண்ணைப் பார்க்காதே, எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார். அவரிடம் சண்டையிட எனக்கு விருப்பமில்லை. அவர் அஞ்சுவதில் எது உண்மை, எது வீண் பயம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், உட்கார்ந்து பேச உதவியாக இருக்கும்.

பதில் 1: காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்

ஆச்சி, முதலில் ஒன்றை இன்றே விசாரியுங்கள். கொழுப்பு மாத்திரையை மட்டும்தான் நிறுத்தினாரா, அல்லது ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்திவிட்டாரா? ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவது இதைவிடவும் ஆபத்தானது. இருபத்தாறு ஆண்டுகளாகக் கடையில் நிற்கிறேன். ஒரு மாத்திரையின் மீது வெறுப்பு வந்தால், பலர் மருந்துச் சீட்டையே மொத்தமாக மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அடைப்பைக் கரைப்பது என்ற எண்ணமே தவறான ஒரு படத்திலிருந்து வருகிறது. தண்ணீர்க் குழாயின் உட்புறத்தில் உப்புப் படிவதைப் போல இரத்தக் குழாயில் கொழுப்பு படிவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் புளிப்பான எதையாவது ஊற்றினால் கரையும் என்று தோன்றுகிறது. உண்மையில் அது குழாய்ச் சுவரின் உள்ளே, மெல்லிய தோல் போன்ற ஒரு மூடியின் கீழ் சேர்கிறது. அந்த மூடி வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைவதால்தான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. எலுமிச்சைச் சாறு வயிற்றைத் தாண்டி, எலுமிச்சைச் சாறாகவே அந்த இடத்துக்குப் போவதில்லை. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரையோ, ஈரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வழியில் ஒரு முக்கியமான நொதியைத் தடுக்கிறது. அதனால் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை ஈரல் இரத்தத்திலிருந்தே இழுத்துக்கொள்ள, எல்.டி.எல். குறைகிறது, நாளடைவில் அந்த மூடியும் உறுதிப்படுகிறது.

பூண்டைப் பரிசோதிக்காமல் யாரும் ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேருக்கு ஆறு மாதங்கள் பச்சைப் பூண்டும், இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளும், போலி மாத்திரையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி எந்த வகைப் பூண்டாலும் எல்.டி.எல். குறிப்பிடும்படி குறையவில்லை. குக்குலு என்னும் மரப்பிசினை நம்புகிறவர்களும் இங்கே உண்டு. 2003இல் வெளியான ஆய்வில், அதன் சாரத்தை எட்டு வாரங்கள் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சற்று கூடவே செய்தது. பூண்டு நல்ல உணவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை அதிக அளவில் எடுத்தால் இரத்தம் உறைவது தாமதமாகலாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அன்றாடம் குடிக்கும் அளவை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

தொடை வலி பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: மாத்திரை இல்லாத நாட்களிலும் வலி வந்திருக்கிறது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில், பக்க விளைவுகளால் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஓராண்டில் நான்கு மாதங்கள் உண்மையான மாத்திரை, நான்கு மாதங்கள் போலி மாத்திரை, நான்கு மாதங்கள் எதுவுமில்லை என்று வரிசையைக் கலைத்துக் கொடுத்தார்கள். உண்மையான மாத்திரையில் உணர்ந்த தொந்தரவில் சுமார் 90 விழுக்காட்டைப் போலி மாத்திரையிலும் அவர்கள் உணர்ந்தார்கள். வலி பொய் என்பது இதன் பொருளல்ல. வலி உண்மை, அதன் காரணம் பெரும்பாலும் மருந்துச் சரக்கு அல்ல. முடிவைக் கண்ணால் பார்த்த பின் அவர்களில் பாதிப் பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஆகவே அப்பச்சியிடம் "உங்களுக்கு வலியே இல்லை" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். தைராய்டு குறைவாக இருந்தால் தசை வலியும் வரும், எல்.டி.எல்.லும் கூடும், எனவே அந்தப் பரிசோதனையோடு தசை நொதியான சி.கே. அளவையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொரு ஸ்டாட்டின், குறைந்த அளவோடு எசிடிமைப் என்னும் வேறு வகைக் கொழுப்பு மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன.

பதில் 2: பள்ளத்தூர் வாசகர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் எங்களைப் போன்றவர்களின் ஐயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. எனக்கு வயது 46, இதய நோய் இல்லை, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. எல்.டி.எல். 142 என்று கண்டதும், மருத்துவர் ஐந்து நிமிடத்தில் ஸ்டாட்டினை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். என் குடும்ப வரலாற்றைக் கேட்கவில்லை, இரத்த அழுத்தத்தைப் பார்க்கவில்லை. இந்த மாத்திரையால் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதை நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்க இடமில்லாத இடத்திலிருந்து வெளியே வருகிறவன், அன்போடு பேசுகிற உறவினர் சொல்லும் சாற்றைத்தானே நம்புவான்?

பதில் 3: காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்

ஐயா, உங்கள் மனக்குறை முழுவதும் நியாயமானது. உங்கள் நிலையும் ஆச்சியின் அப்பச்சி நிலையும் ஒன்றல்ல. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த விரிவான ஆய்வுரையின் கணக்கு இது: 10,000 பேர் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் போன்ற அளவை ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், அவர்கள் ஏற்கெனவே இதய நோய் கண்டவர்களானால் சுமார் 1,000 பேருக்கும், நோய் இன்னும் வராமல் அபாயம் மட்டும் கூடுதலாக உள்ளவர்களானால் சுமார் 500 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தவிர்க்கப்படுகின்றன. அதே 10,000 பேரில் 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், ஏறத்தாழ 5 பேருக்குக் கடுமையான தசை பாதிப்பும், 5 முதல் 10 பேருக்கு மூளையில் இரத்தக் கசிவும் வரலாம். ஆக, தீங்கே இல்லை என்று சொல்பவரும் தவறு, தீங்கு மட்டுமே என்று சொல்பவரும் தவறு. ஸ்டென்ட் வைத்தவருக்குத் தராசு தெளிவாக ஒரு பக்கம் சாய்கிறது. உங்களுக்கோ குடும்ப வரலாறு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். நேரம் ஒதுக்கிப் பேசும் இன்னொரு மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.

பதில் 4: கானாடுகாத்தான் ஆச்சி

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். "சிவப்பு ஈஸ்ட் அரிசி கொலஸ்ட்ராலைக் குறைக்கும்" என்று யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, என் நாத்தனார் வீட்டில் ஆறு மாதமாக அன்றாடம் கவுனி அரிசி பொங்குகிறார்கள், அதுவும் நெய்யும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து. நம் கவுனி, பர்மாவிலிருந்து நம்மவர்கள் கொண்டுவந்த கறுப்பரிசி. அந்தச் செய்தியில் சொல்வது மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சணத்தை அரிசியில் வளர்த்துச் சிவக்கச் செய்யும் சீனச் சரக்கு. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

அந்தச் சிவப்பரிசி கொழுப்பைக் குறைப்பதற்குக் காரணம், அதில் இருக்கும் மொனாகோலின் கே. அதுவும் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே பொருள்தான். ஸ்டாட்டினைக் கண்டறிந்த ஜப்பானியர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, முதல் ஸ்டாட்டினை எடுத்ததே கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து. ஆகவே மாத்திரை வேதிப்பொருள், அரிசி இயற்கை என்று பிரிப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். இணையத்தில் வாங்கும் சிவப்பரிசிப் பொட்டலத்தில் அது ஒவ்வொரு முறையும் மாறும்.

சாப்பாட்டால் பயனே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஓட்ஸ், பார்லி ஆகியவற்றின் கரையும் நாரை நாளுக்கு மூன்று கிராம் அளவில் சேர்த்தால் எல்.டி.எல். ஐந்து விழுக்காட்டையொட்டிக் குறையும், இசப்கோலும் உதவும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். எந்தத் தாவர எண்ணெயிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெய் செக்கிலிருந்து வந்தாலும் எல்.டி.எல்.லை உயர்த்தும், நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை. பலகாரத்துக்கு டால்டா ஊற்றுவதை எங்கள் வீட்டில் நிறுத்தியாகிவிட்டது. ஆனால் அப்பச்சியின் 134ஐ முன்பு இருந்ததுபோல் 70க்குக் கீழே கொண்டுவரும் வலு இவற்றுக்குக் கிடையாது.

கேட்டவரின் பதில்: தேவகோட்டை மகள்

எல்லோருக்கும் நன்றி. விசாரித்துவிட்டேன், ஆஸ்பிரினை அப்பச்சி நிறுத்தவில்லை. கானாடுகாத்தான் ஆச்சி எழுதியதை முகப்பில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். அரிசிப் பூஞ்சணத்திலிருந்து வந்த மருந்து என்றதும், "இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். தசை நொதியும் தைராய்டும் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடங்கலாம், ஆனால் இரண்டு மாதம் கழித்து எல்.டி.எல். எண்ணைத் தாமே பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். சாற்றை விட அவருக்கு மனமில்லை. எவ்வளவு பூண்டு போடுகிறோம் என்று அளந்து எழுதி, அந்தத் தாளையும் எடுத்துப் போகிறேன்.