புதுப்பிப்பு: சீனாவில் வாடகை வீட்டுப் பதிவு தாமதமானது, என்ன ஆயிற்று?

போன வாரம் கேட்டிருந்தேன்: ஹோட்டலிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறி, வெளிநாட்டவர் தங்குமிடத்தைப் போலீஸில் பதிய வேண்டியதை 3 நாள் தாமதித்துவிட்டேன், அபராதம் வருமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நேற்று பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் சகிதம் காவல் நிலையம் போனேன். எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அபராதம் இல்லை. பதிவுச் சீட்டும் கையில் வந்துவிட்டது.

போவதற்கு முன் சட்டத்தையே தேடிப் படித்தேன். தேசிய மக்கள் காங்கிரஸ் (சீன நாடாளுமன்றம்) நடத்தும் சட்டத் தரவுத்தளத்தில் சீன மொழி மூலப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது. 2013 ஜூலை 1 முதல் அமலில் உள்ள வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டம், பிரிவு 39: ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே பதிய வேண்டும், வேறு வீடு என்றால் 24 மணி நேரத்துக்குள் நாமோ தங்கவைப்பவரோ பதிய வேண்டும். தண்டனை பிரிவு 76இல் இருக்கிறது: எச்சரிக்கை, கூடவே 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். அந்த 'விதிக்கலாம்' ரொம்ப முக்கியம். சீனத்தில் 'கேயி' என்ற சொல். அபராதம் கட்டாயம் இல்லை, அதிகாரி பார்த்து முடிவு செய்வது. நான் முதலில் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இது சரியாக வரவில்லை. ஒரு வாரம் தூக்கம் போனதற்கு அதுதான் காரணம். மொழிபெயர்ப்பு புரிந்துகொள்ளத்தான், சட்டமாகச் செல்லுபடியாவது சீன மூலப் பிரதி மட்டுமே.

அப்புறம், ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடி பதியணுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நடைமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது. உங்கள் வட்டாரக் காவல் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள்.