சுவரோவிய விழாக்கள்: சுவர் முன்னால் நின்றவர்களின் அனுபவங்கள்

கோவை

தெரு ஓவியம் என்றதும் எந்த ஊரில் எதைப் பார்க்கலாம் என்ற பட்டியல்தான் எங்கும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. உங்கள் ஊரிலோ நீங்கள் போன ஊரிலோ சுவரில் ஓர் ஓவியம் எழுந்துவருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருக்காரர்கள் என்ன சொன்னார்கள்? விழா முடிந்தபின் சுவர் என்ன ஆனது? அதை எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

பினாங்கு

பினாங்கின் ஜார்ஜ் டவுனை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது. நான் இந்த ஊர்க்காரன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2012-ம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் இங்குள்ள பழைய கடைவீடுகளின் சுவர்களில் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் அக்காளும், பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பியும். ஆ குவீ தெருவில் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து திரும்பிப் பார்க்கும் பையன். கேனன் தெருவில் நாற்காலி மேல் ஏறி எட்டிப் பிடிக்கப் பார்க்கும் சிறுவன். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நாற்காலியும் மெய்யான பொருள்கள், சுவரோடு சேர்த்துப் பொருத்தியவை. பிள்ளைகள் மட்டும்தான் சாயம்.

சைக்கிள் ஓவியத்தின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பின்னணி என்று தனியாக எதுவும் வரையவில்லை. கறை படிந்த பழைய சுவரே பின்னணி. எல்லோரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் படம் எடுக்கிறார்கள். அதனால் கை படும் உயரத்தில் சாயம் தேய்கிறது. அதைவிடப் பெரிய எதிரி ஈரம். எங்கள் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மேலே புதுச் சாயம் படலமாக மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, சாயம் கொப்புளித்து உரிந்து விழும். சியூ படகுத்துறையில் படகில் இரண்டு பிள்ளைகள் இருந்த ஓவியம் எங்கள் கண் முன்னாலேயே மங்கிப் போனது.

இந்த ஓவியங்கள் மீது எனக்கு அன்பு உண்டு. ஆனாலும் ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளின் மாடியில் குடியிருந்த குடும்பங்கள் வெளியேறின. தெருவில் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளும் அவர்களோடு போய்விட்டார்கள். இன்று சுவரில் சிரிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம். அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சைக்கிளோடு திரும்பிவிடாதீர்கள். இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த 52 கேலிச்சித்திரங்கள் இதே தெருக்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்கிறது. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைச் சொல்லும் கம்பிச் சித்திரமும் அவற்றில் ஒன்று. அவை மழையில் கரைவதில்லை.

இன்னொன்று. 2013 நவம்பரில் இதே ஸகாரெவிச் ஜொகூர் பாருவில் ஒரு மூலைச் சுவரில் வரைந்தார். ஒரு பக்கம் விலையுயர்ந்த கைப்பையோடு நடந்து வரும் லெகோ பொம்மைப் பெண்; மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு பதுங்கியிருக்கும் லெகோ திருடன். வழிப்பறி பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்ததை அவர் சுவரில் ஏற்றினார். மாநகராட்சி உடனே வெள்ளையடித்துவிட்டது. அதற்குள் அந்தப் படம் நாடு முழுவதும் பரவிவிட்டது. ஊரை அழகாகக் காட்டும் ஓவியத்தைப் பாதுகாக்கிறோம், ஊரின் பயத்தைச் சொல்லும் ஓவியத்தை அழிக்கிறோம். இது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

மொன்றியல்

பினாங்கு நண்பர் எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே 2013-ல் தொடங்கிய 'மியூரல்' விழா ஜூன் மாதத்தில் சென்-லோரான் வீதியில் நடக்கிறது. நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கும் வீதி அது. யூதர், இத்தாலியர், போர்த்துக்கேயர் என்று புலம்பெயர்ந்து வந்தவர்கள் அடுத்தடுத்துக் கால் ஊன்றிய இடமும் அதுதான். விழா நாட்களில் வாகனங்களை நிறுத்திவிட்டு வீதியை நடப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

அநேகர் முடிந்த ஓவியத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் விழாவின் முதல் நாட்களிலேயே போய்விடுவேன். வெறும் சுவரில் முதலில் நடப்பது கிறுக்கல். எழுத்து, வட்டம், அம்புக்குறி என்று சுவர் நிறையக் கிறுக்கி, அதைப் புகைப்படம் எடுத்து, தங்கள் வரைபடத்தைக் கைபேசியில் அந்தப் படத்தின்மேல் படிய வைக்கிறார்கள். மூக்கு நுனி இந்த வட்டத்துக்குப் பக்கத்தில், இடது கண் அந்த அம்புக்குறிக்கு மேலே என்று இடம் தெரிந்துவிடும். சுவரோரம் ஆளை மேலே ஏற்றும் லிஃப்ட் மேடையில் ஐந்து மாடி உயரத்தில் நிற்பவருக்கு முகம் தெரியாது, கைக்கெட்டும் தூரத்து நிறத் திட்டுகள் மட்டும்தான் தெரியும். அந்த உயரத்தில் கிறுக்கல்தான் அவருக்குத் துணை.

ஒரு பெண் ஓவியர் வேலை செய்ததை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். லிஃப்டை இறக்கி, முகமூடியைக் கழற்றி, வீதியைக் கடந்து வந்து எதிர் நடைபாதையில் நின்று பார்ப்பார். திரும்பிப் போய் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்குவார். உள்ளே இருக்கும் குண்டு உருளும் சத்தம் எங்கள் பக்கம் வரை கேட்கும். கன்னத்தில் ஒரு நிழலை மாற்றுவார், மறுபடி இறங்குவார். எதிர் வீட்டு பல்கனியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், இடது கண் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது என்று பிரெஞ்சில் உரத்துச் சொன்னார். ஓவியர் நின்று பார்த்தார். அவர் சொன்னது சரிதான். கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுத் திருத்தினார். இனிப் பல ஆண்டுகள் அந்த முகத்தைக் காலையிலும் மாலையிலும் பார்க்கப்போகிறவர் அந்த முதியவர். அவருக்கு அந்தச் சுவரில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை அந்த ஓவியர் அறிந்திருந்தார்.

எங்கள் ஊர்ப் பாடகரும் கவிஞருமான லெனார்ட் கோஹன் 2016 நவம்பரில் காலமானார். அவருடைய வீடு இந்த வீதிக்குப் பக்கத்தில்தான், போர்த்துகல் பூங்காவை ஒட்டி. அடுத்த ஆண்டு விழாவில் ஓவியர் கெவின் லேடோ அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒன்பது மாடி உயரத்துக்குத் தொப்பி அணிந்த கோஹனை வரைந்தார். அதே 2017-ல் ஜீன் பெண்டன், எல் மாக் என்ற ஓவியர்கள் இருவரும் சேர்ந்து நகர மையத்தில், கிரசென்ட் வீதியின் 21 மாடிக் கட்டடத்தில் இன்னொரு கோஹனை வரைந்தார்கள். அவருடைய மகள் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது அது. மோன்-றுவயால் மலையில் இருந்து பார்த்தாலும் வடிவாகத் தெரியும். பெரியதற்குத்தான் புகழ் அதிகம். என் மனம் சிறியதன் பக்கம். அவர் நடந்து திரிந்த, அயலவர்கள் அவரைக் கண்டு தலையசைத்த தெருக்களைப் பார்த்தபடி அது நிற்கிறது.

இங்கே பனிக்காலத்தில் சுவருக்குள் போன நீர் உறைவதும் உருகுவதுமாகச் செங்கல்லைப் பிளக்கிறது. சில சுவர்களில் பழைய ஓவியத்தின் மேலேயே பிரைமர் அடித்துவிட்டுப் புதியதை வரைகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழிக்கும் முன்னர் அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பிரிஸ்டல்

எங்கள் ஊர் விழாவின் பெயர் அப்ஃபெஸ்ட், 2008 முதல் நடக்கிறது. பெட்மின்ஸ்டர் பகுதியின் நார்த் ஸ்ட்ரீட்டில் கடைக்காரர்களே தங்கள் பக்கச் சுவரைக் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் மக்கள் விட்டுக்கொடுக்காத ஓவியம் எந்த விழாவிலும் வரைந்தது அல்ல. ஸ்டோக்ஸ் கிராஃப்டில் 1999-ல் தெரு ஓவியர் பான்ஸ்கி வரைந்தது அது: கலவரத் தடுப்புக் காவலர்கள் மூவரைப் பார்த்துத் தீக்குண்டு எறிய நிற்கும் கரடிப் பொம்மை. விழாவில் வரைந்தவை மாறிக்கொண்டே இருக்கின்றன. இது அப்படியே இருக்கிறது.

சென்னை

நான் கண்ணகி நகரில் குடியிருப்பவள். நகரின் நடுவில் இருந்து அகற்றப்பட்டவர்களை 2000-ம் ஆண்டு தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். பெயருக்கே ஒரு கெட்ட பேச்சு ஒட்டிக்கொண்டது. வேலைக்கு மனு போடும்போது பலர் கண்ணகி நகர் என்று எழுத மாட்டார்கள், துரைப்பாக்கம் என்றுதான் எழுதுவார்கள்.

2020-ன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, சென்னை மாநகராட்சி, ஏஷியன் பெயின்ட்ஸ் மூன்றும் சேர்ந்து எங்கள் பிளாக்குகளின் பக்கச் சுவர்களில் ஓவியம் வரைய ஏற்பாடு செய்தன. டெல்லி லோதி காலனியை ஓவியப் பகுதியாக மாற்றிய அதே அறக்கட்டளைதான். சென்னை ஓவியர் ஏ-கில்லும் இங்கே வரைந்தார். சாரம் கட்டியதும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் அதன் கீழேயே நின்றார்கள். எங்கள் பிள்ளைகளின் முகம் போன்ற முகம், எங்கள் நிறத்திலேயே, சிரித்துக்கொண்டு, மூன்று மாடி உயரத்துக்கு! பெரிய சுவரில் இருக்கும் முகம் என்றால் தலைவர்கள் முகம் அல்லது நடிகர்கள் முகம் என்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

முதலில் எங்கள் பெண்கள் கேட்டது, தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, இதற்குச் செலவு எதற்கு என்றுதான். கேட்டது நியாயம், இன்றும் அது நியாயம்தான். சாயம் சாக்கடையைச் சரிசெய்யாது. ஆனால் ஒரு மாற்றத்தை நான் பார்த்தேன். ஆட்டோக்காரரிடம் கண்ணகி நகர் என்றால் முகம் சுளிப்பார்கள், இப்போது "அந்த ஓவியம் இருக்கிற இடமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. எங்களுக்கு ஓவியமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நியூயார்க்

குவீன்ஸில் 7-ம் எண் ரயிலில் போனவர்களுக்கு ஃபைவ் பாய்ன்ட்ஸ் தெரியாமல் இருக்காது. பழைய தொழிற்சாலைக் கட்டடம், அடி முதல் கூரை வரை கிராஃபிட்டி என்ற சுவர் எழுத்தோவியம். ரயில் வளைவில் திரும்பும்போது பெட்டிக்குள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். 2013 நவம்பரில் ஒரே இரவில் உரிமையாளர் தரப்பு வெள்ளையடித்துவிட்டது. மறுநாள் காலை ரயிலில் என் பக்கத்தில் இருந்த பெண், தெரிந்தவர் யாரோ இறந்துவிட்டதைப் போல "ஐயோ" என்றார். வெள்ளைக்குக் கீழே எழுத்துகள் இன்னும் லேசாகத் தெரிந்தன. 2014-ல் கட்டடத்தை இடித்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள் நிற்கின்றன.

ஓவியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். காட்சிக் கலைஞர்களின் உரிமைக்காக அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. 2018-ல் நீதிபதி, 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தர உத்தரவிட்டார். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அடுத்தவர் கட்டடத்தில் வரைந்தது என்றாலும் இஷ்டப்படி அழிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சட்டம் வரைந்தவருக்குத்தான் உரிமை தருகிறது. மொன்றியல் நண்பர் சொன்ன பல்கனி முதியவருக்கோ, ரயிலில் தினமும் பார்த்துப் போனவர்களுக்கோ அதில் இடம் இல்லை.

கோவை

கேட்டதற்கும் மேலாகவே எழுதிவிட்டீர்கள். சென்னைச் சகோதரி, வருகிற மாதம் நான் சென்னை வருகிறேன். கண்ணகி நகருக்கு வந்து பார்க்கலாமா? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

சென்னை

தாராளமாக வாருங்கள், அண்ணா. சுவரைப் படம் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை எடுப்பதற்கு முன் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டால் எல்லாச் சுவரையும் நடந்தே பார்த்துவிடலாம். பிள்ளைகள் யாராவது தானாகவே கூட வருவார்கள். எந்தச் சுவரை எந்த ஊர்க்காரர் வரைந்தார் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.