நகராட்சியின் கடன் தள்ளுபடியானால் நம் பில் குறையுமா?

நேட்டால் வாசகர்:
வணக்கம். எங்கள் சிறுநகரில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஒழுங்காகப் பணம் கட்டியும், தெருமுனைக் குழாய் ஆறு வாரமாக ஒழுகி, அண்டை வீட்டு வாசலில் பாசி படர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு நகராட்சிகள் வைத்துள்ள பாக்கி தள்ளுபடியாகிறது என்கிறார்களே, நம் கட்டணம் குறையுமா?

கணக்கர்:
குறையாது ஐயா. 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி, 2023 மார்ச் 31 வரையிலான பாக்கி, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகளில் கழிக்கப்படும். ஆனால் நகராட்சி நடப்பு மாத பில்லைத் தவறாமல் கட்டி, வசூலையும் உயர்த்திக் காட்ட வேண்டும். ஆகவே நம் பக்கம் கெடுபிடி கூடவே வாய்ப்பு. சரக்கை விற்ற காசை வேறு செலவுக்கு எடுத்துவிட்டு மொத்த வியாபாரியிடம் கடன் சொன்ன கடைக்காரரின் கதைதான் இது.

ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர்:
மின்சாரத்தை மட்டும் பார்த்தால் போதாது. நீர்த்துறை நீர் இழப்பை அளந்து வெளியிட்ட 2023 'நோ டிராப்' அறிக்கையின்படி, நாடு முழுவதும் நகராட்சிகள் வழங்கும் நீரில் 47.4 விழுக்காட்டுக்கு வருவாயே இல்லை. கசிவும், பழுதான மீட்டரும், பில் போடாத பயன்பாடும் அதில் அடக்கம். ஒரு ரப்பர் வாஷருக்காகக் கொள்முதல் ஒப்புதலை எதிர்பார்த்து நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தவன் நான். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கணக்கர்:
இன்னொன்று: நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி 90 நாட்களுக்கு முன்பே வரவுசெலவு வரைவை மன்றத்தில் வைத்து, மக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். அதில் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.