பைமாக் ஆக்டோபஸ்: பொதுப் பதிவேட்டில் எந்தெந்த விவரங்கள் வேண்டும்?

உப்புநீர்:
வணக்கம். பைமாக் வளர்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு பொது ஸ்ப்ரெட்ஷீட் தொடங்குகிறோம். இப்போதைக்குக் கலிபோர்னியக் கடலோர இனமான ஆக்டோபஸ் பைமாகுலாய்டிஸ் (சுருக்கமாகப் பைமாக்) மட்டும். வந்து சேரும் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உப்பு ஒருவருக்கு 1.026 (ஒப்படர்த்தி), இன்னொருவருக்கு 35 (ஆயிரத்தில் பங்கு). வெப்பம் ஒருவருக்கு 68 (ஃபாரன்ஹீட்), இன்னொருவருக்கு 20 (செல்சியஸ்). "நாலு மாதம் இருந்தது" என்று எழுதி அனுப்புகிறார்கள். அதை ஆயுளாக எடுத்துக்கொள்ளலாமா? எந்தக் கட்டங்கள் கட்டாயம்?

சிப்பிமணல்:
முதலில் இனத்தை உறுதி செய்யுங்கள். கண்ணுக்குக் கீழே நீல வளையப் புள்ளி இருந்தாலே பைமாக் என்று எழுதிவிடுகிறார்கள். அதே கடலோரத்தில் பைமாகுலாட்டஸ் என்ற இன்னொரு ஆக்டோபஸும் உண்டு, அதற்கும் அதே புள்ளிதான். 1949-இல்தான் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்தார்கள். முட்டையைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: பைமாகுலாய்டிஸ் முட்டை சுமார் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளம், குஞ்சு பொரித்ததும் தரையில் அமரும். மற்றதன் முட்டை சில மில்லிமீட்டர்தான், குஞ்சு நீரில் மிதக்கும். வீட்டுத் தொட்டியில் அந்தக் குஞ்சை வளர்த்தெடுக்கலாம் என்று நம்ப வேண்டாம். அதனால் 'இனம்' கட்டத்தின் பக்கத்திலேயே 'எதை வைத்து அடையாளம்' என்று ஒரு கட்டம் வையுங்கள்: புள்ளி, முட்டை, விற்றவர் சொன்னது என்று மூன்றே தேர்வு போதும்.

நாலு மாதம் ஆயுள் ஆகாது. கடலில் பிடித்ததன் வயது யாருக்கும் தெரியாது. தொட்டிக்கு வந்த நாள், இறந்த நாள், தொட்டியில் பொரித்ததா கடலில் பிடித்ததா என்ற மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். ஆயுள் கணக்குக்குப் பொரித்த நாள் தெரிந்தவை மட்டும். மூடி விலகி வெளியே போய்ச் செத்ததை அந்தக் கணக்கில் சேர்த்தால் சராசரி பொய்யாகிவிடும்.

கடற்பாசி_22:
அலகைக் கட்டத்தின் தலைப்பிலேயே எழுதிப் பூட்டிவிடுங்கள்: வெப்பம் செல்சியஸ், உப்பு பிபிடி (ஆயிரத்தில் எத்தனை பங்கு), தேதி 2024-03-09 என்ற வடிவில். 35 பிபிடி என்பது 25 டிகிரியில் ஒப்படர்த்தி சுமார் 1.026. எந்தக் கருவியில் அளந்தது என்றும் கேளுங்கள். ஊசி ஆடி ஒப்படர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரீஃப்ராக்டோமீட்டரை வெறும் தூய நீரில் மட்டும் சரிபார்க்காமல் 35 பிபிடி கரைசலில் சரிபார்த்த தேதியும் வேண்டும்.

இன்னொன்றை விடவே கூடாது. அம்மோனியா (கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சு) 0 என்றால் அளந்து பார்த்தோம், இல்லை என்று பொருள். அளக்கவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்க வேண்டும். காலியை 0 ஆக நிரப்பிய ஒரு ஆள் போதும், "அம்மோனியா இல்லாமலே செத்தது" என்று தவறான பாடம் பரவிவிடும்.

தொட்டிமூடி:
விலங்குக்கு ஒரு வரி, அளவீட்டுக்கு ஒரு வரி, நிகழ்வுக்கு ஒரு வரி என்று மூன்று தாள்களாகப் பிரியுங்கள். மூன்றையும் ஒரே எண் இணைக்கட்டும். ரொம்பப் பயன்படப்போவது நிகழ்வுத் தாள்தான்.

தப்பித்தலா? எந்தத் துளை, எத்தனை மில்லிமீட்டர், மூடியில் பூட்டா வெறும் எடையா. வாயிலுள்ள கிளிமூக்கு போன்ற கடினமான அலகு நுழைகிற இடத்தில் உடல் முழுவதும் நுழைந்துவிடும்; பெரும்பாலும் ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) குழாயும் ஓவர்ஃப்ளோவும் (நீர் வழிந்து வெளியேறும் வாய்) தான் வழி. மை விட்டதா? எவ்வளவு நீர் மாற்றினீர்கள், வடிகட்டியில் புதுக் கார்பன் போட்டீர்களா. சிறிய தொட்டியில் மை செவுள்களை அடைத்துவிடும். பழைய தொட்டி வாங்கியதா? அதில் மீனுக்குச் செம்பு மருந்து போட்டதுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ஆக்டோபஸின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதே செம்பால்தான், ஆனாலும் நீரில் கரைந்த செம்பு அதைக் கொன்றுவிடும். பாறையும் மணலும் செம்பைப் பிடித்துவைத்துப் பின்னால் கசியவிடும்.

உப்புநீர்:
அருமை, நன்றி. தீனி நிறுத்தினால் நோயா முதுமையா என்று எப்படிப் பதிவது?

சிப்பிமணல்:
தீர்ப்பு எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கடைசியாகத் தின்ற நாள், முட்டையிட்ட நாள், பாலினம். வலது மூன்றாம் கையின் நுனியில் உறிஞ்சி இல்லாவிட்டால் ஆண். பெண் முட்டையைக் காக்கும்போது தீனியை விடுவது இயல்பு. முட்டையிடாத இளம் விலங்கு விட்டால் அன்றைய நீர் அளவீட்டையும் சேர்த்துப் பதியுங்கள்.