இடுப்படித் தசைகள்: பெண்கள் நலக் கையேட்டுக்கான சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மகப்பேற்றுக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களுக்கு வரும் சிறுநீர்க் கசிவு, கருப்பை இறக்கம் ஆகியவற்றுக்கான கையேட்டுச் சொற்களைப் பற்றி, முதலில் ஆங்கிலத்தில் ‘பெல்விக் ஃப்ளோர்’ (pelvic floor) எனப்படுவதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றி, நடந்துவரும் விவாதத்தில் குழுவினர் எழுதிய வரிகளை மேற்கோள் காட்டி என் கருத்தையும் வைக்கிறேன். இந்தக் கையேடு சென்னையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கும் பெண்ணின் கைக்குப் போக வேண்டியது. அவர் அதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் தம் தொல்லையைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

> உறுப்புகளுக்கு அடியில் இருப்பதால் ‘இடுப்புத் தளம்’ என்பதே நேரான சொல். பலரும் அப்படியே எழுதுகிறார்கள்.

ஐயா சொல்வது போல் அது பரவிவிட்ட சொல்தான். ஆனாலும் ‘தளம்’ என்றவுடன் சிமெண்டு பூசிய தரையோ இணையத்தளமோதான் நினைவுக்கு வருகிறது. அசையாத, கெட்டியான ஒன்று என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அது முன்பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து பின்பக்கத்து வாலெலும்பு வரை தூளிபோல் தொங்கும் தசைகளின் தொகுதி. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவதும், சிறுநீரும் மலமும் காற்றும் நாம் விரும்பும்வரை வெளியேறாமல் அடக்குவதும் அந்தத் தசைகளே. தசை என்றால் அதற்குப் பயிற்சி கொடுக்க முடியும். பிள்ளை பெற்ற உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்கும் பெண்களுக்கு முதலில் போய்ச்சேர வேண்டிய செய்தி இதுதான் என்பதால், ‘தசை’ என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

> ‘அடித்தாங்கு தசை’ என்று வைத்தால் வேலையும் விளங்கும்.

வேலை விளங்குகிறது என்பதை ஏற்கிறேன். ஆயினும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அம்மா. ‘அடி தாங்குகிற’ என்று காதில் விழுகிறது. எந்தப் பெண்ணின் உடலைப் பற்றியும் அப்படியொரு பொருள் தொனிக்கும் சொல்லை நாம் அச்சிடக் கூடாது.

ஆகவே ‘இடுப்படித் தசைகள்’ என்பதை முன்மொழிகிறேன். மரத்தடி, அடுப்படி, காலடி என்று பழகிய வாய்க்கு இது தடங்கல் இல்லாமல் வரும். பேச்சில் ‘இடுப்பு வலி’ என்பது முதுகின் கீழ்ப்பகுதி வலியையும் பிரசவ வலியையும் குறிப்பதால், ‘இடுப்புக் கோளாறு’ என்று மட்டும் எழுதினால் பலர் எலும்பு மருத்துவரைத் தேடிப் போவார்கள். ‘அடி’ சேரும்போது இடம் தெளிவாகிவிடுகிறது. ‘அடி இறங்கிவிட்டது’ என்று மூத்த பெண்கள் சொல்லும் வழக்கோடும் அது ஒட்டிப் போகிறது. இடுப்புக்கூட்டைக் குறிக்க இலங்கைத் தமிழில் வழங்கும் ‘கூபகம்’ துல்லியமானதே. ஆனால் சென்னையில் அதற்குத் தனி விளக்கம் வேண்டியிருக்கும்.

நோயின் பெயராக ஒருவர் ‘இடுப்படித் தளர்ச்சி’ என்று எழுதியிருந்ததை ஏற்க இயலவில்லை. சிலருக்கு இத்தசைகள் தளராமல், அளவுக்கு மீறி இறுகிப்போய், உடலுறவின்போது வலி, சிறுநீர் கழிப்பதில் தடை, மலச்சிக்கல் என்று துன்பம் தருகின்றன. அவர்களுக்குத் தேவை தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் இயன்முறைச் சிகிச்சை. தளர்ச்சி என்ற பெயரைப் பார்த்து அவர்களும் வீட்டில் இறுக்கும் பயிற்சியைத் தொடங்கினால் வலி கூடிவிடும். ‘இடுப்படித் தசைக் கோளாறுகள்’ என்ற பொதுப்பெயர் இரு சாராருக்கும் பொருந்தும்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் விவரித்த பயிற்சியை ‘இடுப்படித் தசைப் பயிற்சி’ என்றே எழுதலாம். காற்று வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயையும் யோனியையும் சுற்றியுள்ள தசைகளை மேல்நோக்கி இறுக்கி, சில நொடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கவோ வயிற்றையும் தொடையையும் இறுக்கவோ கூடாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸின் (NICE) நெறிமுறை ஒரு முறைக்கு குறைந்தது 8 இறுக்கங்கள், நாளுக்கு 3 முறை, குறைந்தது 3 மாதங்கள் என்கிறது. ‘சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகுங்கள்’ என்ற வரி வரைவில் இருக்கிறது. அதை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் அதையே வழக்கமாகச் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

கசிவின் இரு வகைகளைப் பிரிக்காமல் விடக் கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் ஆகியவற்றின்போது வருவதை ‘அழுத்தக் கசிவு’ என்று எழுதினால் மன அழுத்தமோ இரத்த அழுத்தமோ காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது. ‘வயிற்றழுத்தக் கசிவு’ என்றால் குழப்பம் தீரும். திடீரென்று முட்டிக்கொண்டு கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் வருவது ‘அவசரக் கசிவு’. முன்னதற்கு முதலில் தசைப் பயிற்சி. பின்னதற்கு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும்.

‘கருப்பை இறக்கம்’ நல்ல வழக்குச் சொல். ஆயினும் கீழே சரிவது சிறுநீர்ப்பையாகவோ மலக்குடலாகவோ இருக்கலாம். ‘கர்ப்பப்பையைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு என்ன இறங்குகிறது?’ என்று கேட்கும் பெண்ணுக்கு அச்சொல் விடை தராது. ‘இடுப்புறுப்பு இறக்கம்’ என்பதைத் தலைப்பாக வைத்து, உள்ளே உறுப்பின் பெயரைச் சொல்லலாம். மலக்குடலின் முன்சுவர் யோனிப் பக்கம் தள்ளுவதை மட்டும் ‘குடல் இறக்கம்’ என்று எழுதிவிட வேண்டாம். அது வேறொரு நோய்க்கு மக்கள் வைத்துவிட்ட பெயர். ‘மலக்குடல் புடைப்பு’ போதும்.

இறங்கிய உறுப்பை ஏந்துவதற்கு யோனிக்குள் வைக்கும் சிலிக்கோன் சாதனத்தைச் செவிலியர் ‘வளையம்’ என்று சொன்னால், ‘கருத்தடை வளையம்’ என்று எண்ணி, ‘இந்த வயதில் எனக்கு எதற்கு?’ என்று மூத்தவர்கள் மறுத்துவிடக்கூடும். ‘தாங்கு வளையம்’ என்று வேறுபடுத்துவோம். அறுவை சிகிச்சையை விரும்பாதவர்களுக்கும், இதயநோய் முதலியவற்றால் அதைத் தாங்க இயலாதவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். அப்பத்தியைச் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறுவை சிகிச்சைப் பகுதியில், இறங்கிய உறுப்பைத் தாங்க உள்ளே பொருத்தும் செயற்கை வலையை ‘வலை’ என்று தனியே எழுதாமல் ‘யோனிவழி வலை’ என்று முழுமையாக எழுத வேண்டும். உறுப்பு இறக்கத்துக்கான அவ்வகை வலைகளின் விற்பனையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் நிறுத்தியது; வயிற்று வழியாகப் பொருத்தும் வலை வேறு.

கருப்பை நீக்கிய பிறகு யோனியின் மேல்முனை கீழே இறங்குவதற்கு ‘யோனி முகட்டு இறக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வார்டில் பணிபுரியும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இச்சொல்லை நோயாளியின் முன் கூச்சமின்றிச் சொல்ல முடியுமா என்பதை அவர்களே தெரிவித்தால், வரைவை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர், சென்னை